பேட்மேன் சொன்ன பொய்

ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து சினிமா பேசினால் போதும், இந்தச் சண்டை வந்துவிடும். 2008-ல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த 'தி டார்க் நைட்' படத்தின் முடிவு சரியா, தப்பா? 'தியாகம்னா இதுதாண்டா!' என்பது ஒரு கட்சி. 'என்னப்பா, ஹீரோவே பொய் சொல்றான்!' என்பது எதிர்க்கட்சி. நான் எதிர்க்கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள் நண்பர்களே!

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: காத்தம் நகரத்தின் அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் ரொம்ப நேர்மையானவர். ரவுடிக் கும்பல்களைக் கூண்டோடு உள்ளே தள்ளியவர். ஜோக்கரின் சதியால் காதலியையும், பாதி முகத்தையும் இழக்கிறார். அதன்பிறகு காசைச் சுண்டிப் பார்த்துக் கொலை செய்கிற ஆளாக மாறிப் போகிறார். கடைசியில் போலீஸ் கமிஷனர் கார்டனின் சின்ன மகனைக் கொல்லப் போகும்போது பேட்மேன் பாய்ந்து தடுக்க, டென்ட் விழுந்து சாகிறார். 'அவர் செய்த கொலைகள் என் கணக்கிலேயே இருக்கட்டும், ஊருக்கு அவர் நல்லவராகவே இருக்கட்டும்' என்கிறான் பேட்மேன். கார்டனும் சம்மதிக்கிறார். போலீஸ் துரத்த, பேட்மேன் ஓடுகிறான். படம் முடிகிறது.

இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டென்ட் கொலைகாரர் என்று தெரிந்தால் அவர் நடத்திய வழக்குகள் எல்லாம் ஆட்டம் காணும். 'எப்பேர்ப்பட்ட நல்லவனையும் கெடுத்துக் காட்டறேன்' என்ற ஜோக்கரின் பந்தயம் ஜெயித்துவிடும். அதோடு, பேட்மேன் பழியை அடுத்தவன் தலையில் கட்டவில்லை, தன் தலையிலேயே போட்டுக் கொள்கிறான். அதனால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால், அதற்குச் சற்று முன்னால் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு கப்பல்கள். ஒன்றில் பொதுஜனம், மற்றதில் கைதிகள். இரண்டிலும் வெடிமருந்து. அந்தக் கப்பலை வெடிக்க வைக்கும் பொத்தான் இந்தக் கப்பலில், இதை வெடிக்க வைப்பது அதில். நள்ளிரவுக்குள் யாரும் அமுக்காவிட்டால் இரண்டையும் வெடிப்பேன் என்கிறான் ஜோக்கர். என்ன நடந்தது? ஒரு கைதி பொத்தானைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் வீசி எறிகிறான்! இந்தப் பக்கம், அமுக்கலாம் என்று ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கும் கடைசியில் கை வரவில்லை. ஜோக்கரின் பந்தயத்தைத் தோற்கடித்தது பேட்மேனின் அடி உதை இல்லை சார், இந்த ஜனங்கள்தான்! அப்படிப்பட்ட ஜனங்களுக்கு 'உண்மை தாங்காது' என்று அதே ராத்திரியில் இரண்டு பேர் மட்டும் நின்று முடிவு கட்டுகிறார்கள். இது என்ன நியாயம்?

இன்னொன்று. ஊரார் செல்போன்களை எல்லாம் உளவு பார்க்கும் கருவியை பேட்மேன் செய்து வைத்திருக்கிறான். ஒரே ஆளிடம் இத்தனை சக்தி இருப்பது தப்பு என்கிறார் லூசியஸ் ஃபாக்ஸ். வேலை முடிந்ததும் கருவி அழிகிறது. நல்லது. ஆனால் ஊருக்கு எந்த உண்மை தெரியலாம், எது தெரியக்கூடாது என்று தீர்மானிப்பது மட்டும் சின்ன அதிகாரமா?

2012-ல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' இதற்குப் பதில் சொல்கிறது. எட்டு வருஷமாக டென்ட் பெயரிலேயே ஒரு சட்டம் அந்தப் பொய்யின் மேல் நிற்கிறது. கார்டன் எழுதி வைத்த உண்மையை பேன் என்ற வில்லன் ஊரறியப் படித்து, ஜெயிலைத் திறந்து விடுகிறான். விரிசல் விட்ட தூணுக்கு மேலே சிமெண்டு பூசினால் என்ன ஆகும் என்று நம்ம சிவில் பசங்களைக் கேளுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பாரம் ஏறுகிற வரைக்கும்!

ஆக, கதைக்கு அந்த முடிவு பொருந்துகிறது. களைத்துப் போன இரண்டு நல்லவர்கள் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் பொருந்துவது வேறு, சரி என்பது வேறு.

நாளைக்கு நாமும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். 'எல்லாம் நல்லதுக்குத்தானே, இந்த ஒரு நம்பரை மட்டும் மாத்திடு தம்பி' என்று யாராவது கட்டாயம் வருவார்கள். கெட்டவன் சொல்கிற பொய்யை மறுப்பது சுலபம். நல்லவன், நல்லதுக்காகச் சொல்லச் சொல்கிற பொய்யை மறுப்பதுதான் கஷ்டம். யோசியுங்கள் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்