புலம்பெயரும் திறன்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்கு விருந்தினர் பெருகுவர். திரிகூட மலைமேல் மேகம் இறங்கும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் ஆர்ப்பரிக்கும். குற்றாலத்துத் தெருக்களில் நடப்பதற்கும் இடமிராது. அவ்வாறு வருவோருள் விடுமுறையில் அயல்நாட்டிலிருந்து ஊர் திரும்பும் எம் பழைய மாணவர் சிலரும் ஆண்டுதோறும் இருப்பர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர்களுள் ஒருவர் என்னைக் காண வீட்டிற்கு வந்தார். அமெரிக்காவில் பொறியாளராகப் பணிபுரிபவர். பெற்றோரின் முதுமை அவரை வருத்திக்கொண்டிருந்தது. பேச்சினிடையே, "ஐயா, நான் திரும்பி வந்துவிடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டார். தாய்நாட்டிற்குச் செய்யவேண்டிய கடமையைப் பற்றி வகுப்பறையில் பல்லாண்டுகள் பேசிய எனக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. "அம்மா அப்பாவை உடனிருந்து பார்த்துக்கொள்ளலாமே" என்றேன். அது விடையன்று என்பதை இருவருமே அறிந்திருந்தோம்.

கற்றுத் தேர்ந்தோர் தம் நாட்டை விட்டுப் பிறநாட்டில் குடியேறுவதை ஆங்கிலத்தில் 'பிரெயின் டிரெயின்' என்பர். அறிவு வடிந்துபோதல் என்பது அதன் பொருள். இச்சொல் ஏழைநாடு எதிலும் பிறந்ததன்று. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் அறிவியலாளர் பலர் அமெரிக்காவிற்குச் சென்றபோது, அதனை எண்ணிக் கவலையுற்ற பிரிட்டனில் பிறந்தது. அந்நாட்டின் ராயல் சொசைட்டி 1963 இல் இது குறித்து ஓர் அறிக்கையையே வெளியிட்டது. 1965 இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, பிறந்த நாட்டைப் பாராமல் திறனுடையோர்க்குக் கதவைத் திறந்தது. அதன்பின் அக்கவலை இந்தியா போன்ற வளரும் நாடுகளின் கவலையாயிற்று. சென்னையில் 1959 இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. புதிய இந்தியாவைக் கட்டியெழுப்பப் பொதுமக்களின் வரிப்பணத்தில் உருவாக்கப்பட்ட அக்கழகத்தின் பட்டதாரிகள் பலர் பட்டம் பெற்ற சில மாதங்களிலேயே வானூர்தி ஏறினர்.

இங்கே நாம் ஒன்றை மறக்கலாகாது. ஊரை விட்டுச் செல்லுதல் நம் பகுதிக்குப் புதியதன்று. தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து இசுலாமியர் பலர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், கைத்தறி நெசவு நலிந்த காலத்தில், சிங்கப்பூருக்குச் சென்றனர். துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் வாழ்ந்து, கடின உழைப்பால் முன்னேறினர். அவர்கள் அமைத்த சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946 இல் அங்கு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. ஊரில் தறி ஓடாததால் கடல் கடந்தவர்கள், சென்ற இடத்தில் தம் மொழிக்கு ஒரு பள்ளியை எழுப்பினர் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் தோன்றும். ஆதலின் புலம்பெயர்ந்தோரைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அன்றைய பயணத்திற்கும் இன்றைய பயணத்திற்கும் வேறுபாடு உண்டு. அன்று சென்றவர்களுள் பலருடைய குடும்பம் ஊரிலேயே இருந்தது. அவர்கள் பணம் அனுப்பினர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தனர். முதுமையில் பலர் திரும்பினர். இன்று செல்லும் பொறியாளரும் மருத்துவரும் குடும்பத்தோடு சென்று குடியுரிமை பெறுகின்றனர். நெசவாளர் சென்றபோது ஊர் உழைக்கும் கைகளை இழந்தது. மருத்துவர் செல்லும்போது, அவரிடம் நலம்பெற்றிருக்கக்கூடிய நோயாளிகள் மட்டுமல்லர், அவரிடம் பயின்றிருக்கக்கூடிய இளம் மருத்துவர்களும் இழப்புக்குள்ளாகின்றனர். ஒரு விளக்கு அகன்றால் அதனால் ஏற்றப்படவிருந்த விளக்குகளும் இல்லாமற்போகின்றன.

இவ்விழப்பை உலகில் மிகுதியாகச் சுமப்பவை ஆப்பிரிக்க நாடுகள். மருத்துவப் பணியாளர் பற்றாக்குறையால் தனிப் பாதுகாப்புத் தேவைப்படும் நாடுகள் என 55 நாடுகளை உலக நலவாழ்வு நிறுவனம் 2023 இல் பட்டியலிட்டது; அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் உள்ளன. இத்தகைய நாடுகளிலிருந்து செவிலியரையும் மருத்துவரையும் முனைந்து கவர்ந்திழுத்தல் கூடாது என்னும் நெறிமுறையை அந்நிறுவனம் 2010 ஆம் ஆண்டிலேயே வகுத்தது. அது சட்டமன்று, அறிவுரையே. அறிவுரைக்கு எத்துணை வலிமை என்பதை மாணவர்களாகிய நீங்களே அறிவீர்கள்!

தொலைவிலுள்ள நாடுகளை விடுவோம். கடினமான நோய் ஒன்று வந்துவிட்டால் தென்காசி வட்டாரத்துச் சிற்றூர் மக்கள் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ செல்கின்றனர். புளியரையைக் கடந்து திருவனந்தபுரம் செல்வோரும் உளர். ஆனால், கேரளத்துச் செவிலியரோ வளைகுடா நாடுகளையும் பிரிட்டனையும் அயர்லாந்தையும் நோக்கிச் செல்கின்றனர். சிற்றூர் நகரை நோக்க, நகர் பெருநகரை நோக்க, பெருநகர் அயல்நாட்டை நோக்குகிறது. இவ்வரிசையின் கடைசியில் நிற்பவரை நோக்குவார் எவருமிலர்.

சென்றவர்கள் அனுப்பும் பணம் இவ்விழப்பை ஈடுசெய்யாதா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. 2022 இல் வெளிநாடுவாழ் இந்தியர் தாய்நாட்டிற்கு அனுப்பிய பணம் பத்தாயிரம் கோடி டாலரைக் கடந்தது. ஓராண்டில் அத்தொகையை எட்டிய முதல் நாடு இந்தியாவே. அப்பணத்தால் எத்தனையோ இல்லங்களில் கடன் தீர்ந்தது, தங்கைக்குத் திருமணம் நடந்தது, தம்பி கல்லூரியில் சேர்ந்தான். அதன் பெருமையைக் குறைத்துரைக்க நான் விரும்பவில்லை. எனினும், அப்பணத்தில் பெரும்பங்கு குடும்பச் செலவுக்கும் வீட்டுக்கும் மனைக்கும் நகைக்குமே செல்கிறது. தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடியோடு கட்டி, பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! திண்ணையில் காவலாளி உறங்க, உள்ளே எவரும் வாழாத வீடுகள் அவை. வந்த பணம் சுவராயிற்று, தொழிலாகவில்லை. குடும்பத்தோடு குடியேறிவிட்டவர் அனுப்பும் பணமும் காலம் செல்லச் செல்லக் குறைவதே இயல்பு.

இதற்குத் தீர்வு என்ன? செல்வோரைத் தடுக்கவேண்டும் என்பது சினத்தில் தோன்றும் முதல் எண்ணம். வெளிநாடு செல்வது தனிமனித விடுதலையின் ஒரு கூறு என்று நம் உச்ச நீதிமன்றம் 1967 லேயே தீர்ப்பளித்துவிட்டது, அத்தீர்ப்பு சரியானதே. கதவைப் பூட்டி வைத்துப் பெறும் பணியில் அன்பிராது. மற்றொரு தீர்வைப் பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி 1970களின் தொடக்கத்தில் முன்வைத்தார். குடியேறிய வல்லுநரின் வருமானத்தில் ஒரு சிறு வரியைப் பெற்று, அவரை உருவாக்கிய வளரும் நாடுகளுக்கு அளிக்கவேண்டும் என்பது அவர்தம் கருத்து. அறநோக்கில் அது குற்றமற்றது. ஆனால் வரி வாங்கும் நாடு அதனைப் பிறர்க்கு ஏன் கொடுக்கும்? அத்திட்டம் இன்றளவும் ஏட்டளவிலேயே நிற்கிறது.

என் கருத்து வேறு. சென்றவர்களை எண்ணிப் புலம்புவதையும், செல்வோரைத் தடுக்க முயல்வதையும் விடுத்து, என் மாணவர் கேட்ட கேள்விக்கு விடை காணவேண்டும் என்பேன். கற்ற கல்வி முழுவதையும் வேண்டி நிற்கும் வேலை ஊரில் இருந்தால், திரும்ப விரும்புவோர் திரும்புவர். செல்ல விரும்பாதோர் செல்லமாட்டார். தைவான் இதனைச் செய்துகாட்டியது. அந்நாட்டு இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்கா சென்றபோது, அரசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. 1980 இல் சிஞ்சு என்னுமிடத்தில் ஓர் அறிவியல் பூங்காவை அமைத்தது. அமெரிக்க நிறுவனமொன்றில் கால்நூற்றாண்டு பணியாற்றிய மோரிஸ் சாங் என்பவரை 1985 இல் அழைத்து ஆய்வு நிறுவனமொன்றின் தலைமையை அளித்தது. 1987 இல் அவர் தொடங்கிய டிஎஸ்எம்சி நிறுவனம் இன்று உலகின் கணினிச் சில்லுகளை உருவாக்குவதில் முதன்மை பெற்றுத் திகழ்கிறது. அங்கே அறிவு வடிந்துபோகவில்லை, சுற்றி வந்தது.

அவ்வளவு தொலைவு செல்லாமலும் ஒரு சான்று காணலாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1989 இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். 'வடிந்துபோன அறிவு' என்று நாம் கணக்கெழுதியிருக்கக்கூடியவர். 1996 இல் தொடங்கிய நிறுவனத்தை உலகளாவியதாக வளர்த்தெடுத்து, 2019 இல் தென்காசிப் பகுதிக்கே குடிவந்தார். 2021 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயப் படிப்பும் முடித்தோரைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் தந்து பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தும் பள்ளியையும் நடத்துகிறது. வாடிக்கையாளர்க்கு உதவும் மென்பொருள் ஒன்று தென்காசியில் உருவாகி உலகெங்கும் விற்கப்படுகிறது. வயலுக்கு நடுவே அமர்ந்து உலகிற்கு வேலை செய்யலாம் என்பதை எம் மாணவர்கள் நாளிதழில் படித்து அறியவில்லை. மிதிவண்டியில் சென்று கண்டறிந்தனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரு நிறுவனத்தைக் கண்டு மயங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுதல் தவறு. மென்பொருள் கம்பிவழியே பயணிக்கும். அறுவை மருத்துவம் பயணிக்காது. இணைய இணைப்பும் மின்சாரமும் தடையின்றிக் கிடைக்கப் பெரிய நிறுவனம் தானே வழிசெய்துகொள்ளும். சிற்றூர் மருத்துவரோ, ஆய்வகம் அமைக்க விழையும் இளம் வேதியியலாளரோ அவ்வாறு செய்துகொள்ள இயலாது. அது அரசும் சமூகமும் சேர்ந்து ஆற்றவேண்டிய பணி. மேலும், ஊரிலிருந்து பார்க்கும்போது சென்னைக்கும் கலிபோர்னியாவிற்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டும் எம் பிள்ளைகளை அழைத்துக்கொள்கின்றன. வேலையை எல்லாம் ஒரே பெருநகரில் குவித்துவிட்டு நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

சிற்றாற்றின் நீரைத் தடுத்து நிறுத்த நம் முன்னோர் முயலவில்லை. குறுக்கே அணை கட்டி, கால்வாய் வெட்டி, வழியிலுள்ள குளங்களை நிரப்பினர். எஞ்சிய நீர் சீவலப்பேரிக்கருகே தாமிரபரணியோடு கலந்து கடலுக்குச் செல்வதை எவரும் இழப்பென்று கருதவில்லை. வழியில் குளமே இல்லையென்றால்தான் கவலை.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. எங்கள் பள்ளியின் முகப்பில் சாதனை மாணவர் பெயர்ப்பலகை ஒன்று இருக்கிறது. பெயருக்கு எதிரே அவர் பணிபுரியும் இடம் எழுதப்பட்டிருக்கும்: டெக்சாஸ், துபாய், சிங்கப்பூர், லண்டன். அப்பட்டியலைத் தயாரித்தவர்களுள் நானும் ஒருவன். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் எம் பள்ளியில் பயின்றவரே. பாம்பு கடித்து வருவோர்க்கு நள்ளிரவில் முதல் மருந்தைச் செலுத்துபவர் அவர். அவர் பெயர் பலகையில் இல்லை. தொலைவே வெற்றியின் அளவுகோல் என்று நாங்கள் சுவரில் எழுதிவைத்தோம். பிள்ளைகள் அதனைப் பிழையின்றிப் படித்துக்கொண்டனர். அப்பலகையை இவ்வாண்டு திருத்தி எழுதவிருக்கிறோம்.

அந்தப் பழைய மாணவர் சென்ற சாரலின்போதும் வந்திருந்தார். மத்தளம்பாறைக்குச் சென்று பார்த்ததாகவும், தமக்கேற்ற வேலை அங்கு கிடைக்கக்கூடும் என்று தோன்றுவதாகவும் சொன்னார். அவர் குரலில் முன்பிருந்த கசப்பு இல்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "என் மனைவி உயிர்வேதியியல் ஆய்வாளர் ஐயா. அவருக்கேற்ற ஆய்வகத்தை இங்கே எங்கே தேடுவது?" என்று கேட்டார்.