வாடகைக் கோட்டும் கோடைப் பனியும்

மே மாதம். சமவெளியில் தார் ரோடு உருகுகிறது. மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்குப் போகும் 51 கிலோமீட்டர் பாதையின் ஓரத்தில் எண் போட்ட சின்னச் சின்னக் கடைகள். டாக்சி டிரைவர் தனக்கு வேண்டிய கடையில் நிறுத்துவார். கனத்த கோட்டும் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். நேற்று யாரோ போட்டது, இன்று நமக்கு. அளவு பற்றியெல்லாம் கேட்கக்கூடாது.

13,050 அடி உயரத்தில் இறங்கினால் மூச்சு வாங்குகிறது. உள்ளூர்ப் பையன் சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டி, கையைப் பிடித்து இருபதடி கூட்டிப் போகிறான். விழுகிறோம். போட்டோ எடுத்தாகிறது. ஊர் திரும்பி 'பனிச்சறுக்கு விளையாடினேன்' என்று சொன்னால் அது முழுப் பொய் இல்லை. புதுமணத் தம்பதிகள் பனியை வாரி எறிகிறார்கள். தாத்தாக்கள் குழந்தையாகிறார்கள். ரோதாங் என்றால் பிணக்குவியல் என்று பொருள் சொல்வார்கள். கணவாயைக் கடக்கும்போது பனிப்புயலில் மாண்டவர்கள் அத்தனை பேர். அதே இடத்தில் இப்போது சுடச்சுட நூடுல்ஸ்.

இந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் காலடியில் குனிந்து பார்த்தால் பனி வெள்ளையாக இல்லை. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். டீசல் கரி படிந்த பனியால் அது முடியாது. உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது போலத்தான். சீக்கிரம் உருகுகிறது. பியாஸ் நதி பிறப்பதும் இங்கேதான்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் தலையிட்டது. 2015-ல் நாளொன்றுக்கு 600 பெட்ரோல் வண்டிகள், 400 டீசல் வண்டிகள் என்று வரம்பு வந்தது. டாக்சிக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கோடையில் சில வாரம் சம்பாதிப்பதை வைத்துத்தான் குளிர்காலத்தை ஓட்டியாக வேண்டும்.

ஆனால் பனியே போய்விட்டால்? அதற்குத் தென் அமெரிக்காவில், பொலிவியாவில், ஒரு சாட்சி இருக்கிறது. லா பாஸ் நகருக்குப் பக்கத்தில் சகால்தாயா மலை. 17,000 அடிக்கு மேல் ஒரு சறுக்குத்தளம். உலகிலேயே உயரமானது என்று பெருமை. சறுக்க வருபவர்களை மேலே இழுக்க, கார் எஞ்சினால் ஓடும் கயிற்றை 1939-ல் அமைத்தார்கள். அங்கேயும் கோடையில்தான் சீசன். பனியாறு 2015 வரை தாங்கும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். 2009-லேயே மறைந்துவிட்டது. அங்கே காரணம் உலகம் சூடேறியது. ரோதாங்குக்கு அந்தச் சூடும் உண்டு, வண்டிப் புகையும் உண்டு.

2020 அக்டோபரில் ரோதாங்குக்கு அடியில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்தது. கூட்டம் கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம், கோக்சருக்கும் சிஸ்ஸுவுக்கும் பாய்ந்தது. குளிர்காலம் முழுக்க வெளியுலகம் பார்க்காமல் கிடந்தவர்களுக்கு இது பெரிய வரும்படி.

ஆனாலும் அண்மை ஆண்டுகளில் சிஸ்ஸு வட்டாரத்துக்காரர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஹால்டா, பூனா விழாக்கள் வரும்போது சில வாரங்களுக்குச் சுற்றுலாவை நிறுத்திவிடுகிறார்கள். தெய்வங்களுக்கு அமைதி வேண்டுமாம். காசு வருகிற கதவைத் தாங்களே சாத்துகிறார்கள். கோர்ட் சொல்லி அல்ல.

நாமோ சாயங்காலம் வாடகைக் கோட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். பனியும் வாடகைக்கு எடுத்ததுதான் என்பது மட்டும் ஞாபகம் வருவதில்லை.