புதையல் தேடக் கார் எதற்கு?

“இந்தச் சனிக்கிழமை எங்காவது போகலாமா?” என்று பிள்ளைகள் கேட்டால், பல வீடுகளில் உடனே எழும் கேள்வி, “யார் கொண்டுபோய் விடுவது?” என்பதுதான். என் 14 வயது மகள் ‘ஜியோகேச்சிங்’ விளையாட வேண்டும் என்று கேட்டபோது நானும் அப்படித்தான் கேட்டேன். எங்களிடம் கார் இல்லை. “மாமா காரில் வரும்போது பார்க்கலாம்,” என்று சொல்லிச் சில வாரங்களைத் தள்ளிப்போட்டேன். நான் சொன்னது தவறு என்பதை இப்போது உணர்கிறேன். சிங்கப்பூரில் இந்த விளையாட்டுக்குக் கார் தேவையில்லை. அதுமட்டுமன்று, கார் இல்லாமல் விளையாடினால்தான் இதன் முழுப் பயன் கிடைக்கும் என்பது என் கருத்து.

ஜியோகேச்சிங் என்பது செயற்கைக்கோளின் உதவியோடு விளையாடும் புதையல் வேட்டை. அமெரிக்க அரசாங்கம், பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் தான் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதற்கு அடுத்த நாளே, ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களை வைத்து மறைத்தார். பிறகு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். அவர் தொடங்கிய விளையாட்டு இன்று உலகின் பல நாடுகளுக்கும் பரவியுள்ளது. விரல்நுனி அளவுள்ள டப்பா முதல் உணவுப்பெட்டி அளவுள்ள பெட்டி வரை பலவகைப் ‘புதையல்கள்’ ஆங்காங்கே மறைத்து வைக்கப்பட்டுள்ளன. கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடான வேறொரு பொருளை வைப்பதும் மரபு.

எங்கள் முதல் பயணம் காரில்தான் அமைந்தது. என் தம்பி எங்களை ஒவ்வோர் இடமாக அழைத்துச் சென்றார். வாகன நிறுத்துமிடத்தில் இறங்குவோம், தேடுவோம், மீண்டும் காரில் ஏறுவோம். நண்பகலுக்குள் நான்கு பெட்டிகள் கிடைத்துவிட்டன. வீடு திரும்பியதும், “எங்கெல்லாம் போனீர்கள்?” என்று என் அம்மா பேத்தியிடம் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காரின் பின்னிருக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அவள் பயணம் செய்திருந்தாள். பெட்டிகளைக் கண்டவள் இடங்களைக் காணவில்லை.

இரண்டாம் பயணத்தைப் பெருவிரைவு ரயிலில் மேற்கொண்டோம். வழியைத் திட்டமிடும் பொறுப்பு மகளுடையது. கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கி, பழைய ரயில் பாதைக்கு நடந்தோம். தஞ்சோங் பகாருக்கும் உட்லண்ட்சுக்கும் இடையே ஓடிய மலாயா ரயில் சேவை 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியுடன் நின்றது. தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வழி இன்று நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரிய பசுமைப் பாதையாகிவிட்டது. புக்கிட் தீமாவில் பழைய இரும்புப் பாலமும் சிறிய ரயில் நிலையமும் இன்னும் இருக்கின்றன. அன்று நாங்கள் தேடியவை இரண்டே பெட்டிகள். அவற்றில் ஒன்று ஒரு மரத்தின் வேரருகே கிடைத்தது. மற்றொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது வானம் இருண்டது. பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓடினோம்.

அன்று மாலை மகள் ஒரு தாளில் நாங்கள் நடந்த வழியை வரைந்து பாட்டியிடம் காட்டினாள். பாட்டி அந்தக் கோட்டைத் தெற்குப் பக்கமாக நீட்டச் சொன்னார். குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், ரயில்வேயில் வேலை செய்த நம்மவர்கள் தண்டவாளத்தின் அருகே எழுப்பிய சிறு கோயிலாகத் தொடங்கிய கதையைச் சொன்னார். காரில் சென்று கண்டெடுத்த நான்கு பெட்டிகளால் இப்படி ஓர் உரையாடலை உருவாக்க முடியவில்லை. நடந்து சென்று கண்டெடுத்த ஒரே பெட்டி அதை உருவாக்கியது.

இதற்குக் காரணம் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு கைப்பேசி நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஆயினும், அதனால் நம்மைப் புதையலுக்குச் சில மீட்டர் தூரம் வரையில்தான் கொண்டு செல்ல முடியும். அதன்பின் நம் கண்களும் பொறுமையும்தான் வேலை செய்ய வேண்டும். சுற்றுப்புறத்தைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் கடைசிச் சில மீட்டரில் திடீரென வந்துவிடாது. வீட்டு வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டு செல்பவருக்கு அது எளிதில் கைகூடும்.

இரண்டாவது காரணம், தன்னம்பிக்கை. எந்த ரயிலில் ஏறுவது, எங்கே மாறுவது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று முடிவெடுப்பதும் ஒரு கல்விதான். சிங்கப்பூரில் ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு அடுத்த பேருந்து எப்போது வரும் என்று அறியலாம். மழையில் நனைந்தபடி என் மகள் அதைப் பார்த்து, “இன்னும் நான்கு நிமிடம்தான், அம்மா,” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதுவரை அவளுக்கு வழிகாட்டியவள் நான். அன்று அவள் எனக்கு வழிகாட்டினாள்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வாய்ப்புகள் இன்னும் அதிகம். நம் நாட்டில் பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. மடக்கக்கூடிய சைக்கிளை ரயிலிலும் பேருந்திலும் எடுத்துச் செல்லலாம். ஆனால், மடக்கிய நிலையில் அது 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்கு மேற்படக்கூடாது. சாதாரண சைக்கிள் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே இணைப்புப் பாதை வழியாகச் செல்லலாம். அப்பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. தலைக்கவசம் அணிவது நல்லது. கைப்பேசியைப் பார்க்க வேண்டுமென்றால், ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

“காரில் சென்றால் ஒரே நாளில் பத்துப் பெட்டிகளைக் கண்டுபிடிக்கலாமே! வெயிலிலும் மழையிலும் ஏன் அலைய வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். எண்ணிக்கைதான் குறிக்கோள் என்றால் அவர்கள் சொல்வது சரி. நடக்க இயலாத முதியவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் கார் பெரிய உதவி என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், நல்ல உடல்நலமுள்ள இளையர்கள் கார் இல்லை என்ற காரணத்துக்காக வீட்டிலேயே முடங்கிக் கிடப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

“பிள்ளைகளைத் தனியாக அனுப்புவது பாதுகாப்பா?” என்று பெற்றோர் கவலைப்படுவதும் இயல்பே. முதல் சில பயணங்களில் பெற்றோர் உடன் செல்லலாம். பிறகு, நண்பர்கள் இருவர் மூவராகச் செல்லலாம். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இடி மின்னல் வந்தால் தேடலை உடனே நிறுத்த வேண்டும். வனப்பகுதிகளில் பாதையை விட்டு விலகக்கூடாது. பெட்டியை மறைத்து வைக்க விரும்புவோர் முதலில் உரிய அனுமதியைப் பெற வேண்டும். ரயில் நிலையம் போன்ற இடங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி மக்களுக்கு அச்சத்தை ஏற்படுத்தும் என்பதை மறக்கக்கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளைக் கற்றுக்கொள்வதும் விளையாட்டின் ஒரு பகுதியே.

மாணவர்களே, உங்களிடம் ஒரு பயண அட்டையும் தண்ணீர்ப் புட்டியும் பேனாவும் இருந்தால் போதும். யாராவது கொண்டுபோய் விடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் அனுமதி பெற்று, உங்கள் வட்டாரத்திலேயே ஒரு பெட்டியைத் தேடிப் பாருங்கள். நீங்கள் தினமும் கடந்து செல்லும் தெருவிலேயே உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கக்கூடும்.

புக்கிட் தீமாவில் அன்று கிடைக்காத அந்த இரண்டாவது பெட்டியை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வரும் சனிக்கிழமை மீண்டும் போகிறோம். எந்த ரயில், எந்தப் பேருந்து என்று மகள் குறித்து வைத்திருக்கிறாள். இம்முறை பாட்டியும் வருகிறார். “யார் கொண்டுபோய் விடுவது?” என்று இப்போது எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.