அம்மாவைப் பார்த்துக்க லீவு போட்டால் வேலை போகுமா? சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் வல்லம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. ஒன்று விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றியத் தலைமையிடம். இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வல்லம் வடகால் சிப்காட். 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2024 ஆகஸ்ட்டில் திறந்து வைத்தது இந்த இரண்டாவது வல்லத்தில்தான்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். செஞ்சி வல்லத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் சிப்காட் வல்லத்தில் வேலை பார்க்கிறார். ஊரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கூடவே ஒருத்தர் இருக்கணும். கம்பெனியில் கேட்டால், "எல்ஓபி போட்டுக்கோங்க" என்கிறார்கள். அதாவது சம்பளம் கிடையாது. சம்பளம் போனால் போகட்டும், திரும்பி வரும்போது வேலை இருக்குமா?

சட்டத்தில் இதற்கு நேரடியான பதில் இல்லை என்பதுதான் சிக்கல்.

தனக்கு உடம்பு முடியலைன்னா?

அதே பெண்ணுக்கே உடம்பு சரியில்லை என்றால் நிலைமை வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், மருத்துவர் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த உதவி பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது, தண்டிக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் 73-வது பிரிவே சொன்னது.

பிரசவம் என்றால் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அப்போதும் வேலைநீக்கம் கூடாது. இவ்வளவு தெளிவான உரிமைக்கே நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது என்பது வேறு கதை. மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியைக்கு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் நியாயம் கிடைத்தது.

அம்மாவுக்கு முடியலைன்னா?

இங்கேதான் ஓட்டை. தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு இஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. ஆனால் அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார மகளுக்கு இஎஸ்ஐ-யில் ஒரு நாள்கூட லீவு கிடையாது!

கையில் இருப்பது சொற்பம். தொழிற்சாலை என்றால் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்பு. 300 நாள் உழைத்தால் 15 நாள். கடை, அலுவலகம் என்றால் 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி 12 நாள் ஆண்டு விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. 12 நாள் மருத்துவ விடுப்பும் உண்டு, ஆனால் அது ஊழியரின் சொந்த நோய்க்கு மட்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஈட்டிய விடுப்புக்கான தகுதியை 240 நாளிலிருந்து 180 நாளாகக் குறைத்தன. நல்லதுதான். ஆனால் குடும்பத்தாரைக் கவனிக்க என்று தனி விடுப்பு அதிலும் வரவில்லை.

அப்போ எல்ஓபி? தனியார் வேலையில் அது பெரும்பாலும் நிர்வாகம் பார்த்துக் கொடுக்கும் சலுகை. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது. அரசு ஊழியர்களுக்காவது ஊதியமில்லா விடுப்பு விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் எப்படி?

சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பை நாடு முழுக்கக் கட்டாயமாக்காத நாடு அது. ஆனாலும் 1993-ல் கொண்டுவந்த சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு, 1,250 மணி நேரம் உழைத்தவர், பெற்றோரையோ துணையையோ பிள்ளையையோ கவனிக்க 12 வாரம் லீவு எடுக்கலாம். சம்பளம் இல்லை, வேலைக்கு உத்தரவாதம் உண்டு. (மாமனார், மாமியார் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்!)

8 நாள் கணக்கு தெரியுமா?

நம்மூரில் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். 1946-ம் ஆண்டின் மத்திய மாதிரி நிலையாணைகள்படி, அனுமதித்த லீவு முடிந்து 8 நாளுக்குள் திரும்பி வந்து காரணம் சொல்லாவிட்டால், அந்த வேலை மீதான உரிமையே போய்விடும். இதே மாதிரி ஒரு விதியைக் காட்டி, விசாரணையே இல்லாமல் ஒரு தொழிலாளியின் பெயரை நிறுவனம் ஒன்று நீக்கியது. விளக்கம் கேட்காமல் அப்படிச் செய்வது இயற்கை நீதிக்கு எதிரானது என்று டி.கே.யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் 1993-ல்தான்.

ஆகவே சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டுப் பஸ் ஏறக் கூடாது. எத்தனை நாள், என்ன காரணம் என்று எழுதி, மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்து, மெயிலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்ப வேண்டும். லீவை நீட்டிக்க வேண்டுமானால் முதல் லீவு முடிவதற்குள் மறுபடி எழுத வேண்டும். ஊருக்கே நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாமல், கையெழுத்துப் போட்டு வாங்கிப் பதில் கொடுக்க வேண்டும்.