எரிவது எது என்று கேட்டு வாங்குங்கள்

தீயணைப்புக் கருவி வாங்கும்போது நம்மில் பலர் தீயை நினைப்பதில்லை, சான்றிதழைத்தான் நினைக்கிறோம். பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டும், விடுதிக்கு உரிமம் வேண்டும், அதற்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். உடனே கடைக்குப் போய் "ஒரு சிலிண்டர் கொடுங்க" என்கிறோம். கடைக்காரர் ஏபிசி பவுடர் என்று எழுதிய சிவப்பு உருளை ஒன்றை எடுத்துத் தருகிறார். ஆய்வுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி அதை வாசல் பக்கச் சுவரில் மாட்டிவிடுகிறோம். சமையலறையில் என்ன எரியும், கணினி அறையில் என்ன எரியும், அந்த உருளையைத் தூக்கப்போவது யார் என்று வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை. பெருநகரத்தில் இந்த அலட்சியம் ஓரளவு மறைந்துபோகும். 101-ஐ அழைத்தால் சில நிமிடங்களில் வண்டி வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே இருக்கிறது. கல்வராயன்மலையின் கரியாலூர் மாதிரி மலையூரில் அந்த மறைப்பு கிடையாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லையாக நிற்கும் கல்வராயன்மலையில் கரியாலூர், வெள்ளிமலை போன்ற பெரிய ஊர்களுக்கு வண்டி போகும். அங்கிருந்து பிரிந்து போகும் மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களின் கதை வேறு. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்த வழக்கை எடுத்தபோது சாலை வசதியும் பெரிய கேள்வியாக எழுந்தது. தீயணைப்பு வண்டி எந்த நிலையத்திலிருந்து கிளம்பினாலும் வளைவுகளில் ஏறி, மண்பாதையில் இறங்கி, வீட்டருகே வந்து சேர வேண்டும். கூரையிலோ மெத்தையிலோ பற்றிய தீ அதுவரை காத்திருக்காது. மூடிய அறை ஒன்று முழுவதுமாகப் பற்றிக்கொள்ள ஒரு சில நிமிடங்களே போதும். ஆகவே இங்கே முதல் உதவியும் பெரும்பாலும் கடைசி உதவியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுதான். அது தவறான பொருளாக இருந்துவிட்டால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

தீயில் வகை உண்டு என்பதைத் தீயணைப்பு வீரர்கள் பள்ளிதோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மரம், துணி, காகிதம், வைக்கோல் போன்றவை எரிந்தால் ஏ வகை, பெட்ரோல், டீசல் போன்ற திரவங்கள் பி, எரிவாயு சி, மக்னீசியம் போன்ற உலோகங்கள் டி. இது இந்தியத் தரவிதிகளின் பாகுபாடு. அமெரிக்காவில் சி என்றால் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் தீ, நம் நாட்டில் அது வாயுத் தீ. இணையத்தில் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு 'சி இருக்கிறது, மின்தீக்காகத்தான்' என்று முடிவு கட்டுவோர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நம் பாகுபாட்டில் மின்தீக்குத் தனி எழுத்தே இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் எரிவது மரமோ பிளாஸ்டிக்கோதான். நிறுத்த முடியாதவரை, மின்சாரம் கடத்தாத பொருளைத்தான் அடிக்க வேண்டும். எழுத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் காரணத்தைப் புரிந்துகொள்வது பயன் தரும்.

ஏபிசி உருளைக்குள் இருப்பது மந்திரப் பொடி அல்ல. அதன் முக்கியப் பொருள் மோனோ அமோனியம் பாஸ்பேட்; சொட்டுநீர்ப் பாசனம் செய்கிற விவசாயிக்கு உரமாகப் பழக்கமான அதே சேர்மம். அது தீச்சுவாலையின் வேதிவினையை இடையில் அறுக்கிறது, சூட்டில் உருகிக் கங்கின்மேல் ஒரு பூச்சாகப் படிகிறது. அந்தப் பூச்சுதான் ஏ என்ற எழுத்தை அதற்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. நல்ல கருவிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது சூட்டைத் தணிப்பதில்லை. வைக்கோல் போரிலோ புல் வேய்ந்த கூரையிலோ அடித்தால் மேலே சுவாலை அடங்கும். பொடி எட்டாத உள்ளடுக்கில் கங்கு கிடந்து, காற்று வீசியதும் திரும்பப் பற்றும். கூரைக்கும் வைக்கோல் போருக்கும் துணிமூட்டைக்கும் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. அழுத்தம் ஏற்றிய 9 லிட்டர் தண்ணீர் வகைக் கருவி ஒன்று இருக்கிறது என்பதே நகரத்துக் கடைகளில் மறந்துபோன செய்தியாகிவிட்டது. மெத்தை, போர்வை, புத்தகம் நிறைந்த உண்டு உறைவிடப் பள்ளிகளின் படுக்கைக் கூடங்களுக்கு அதுவே பொருத்தம். சிறிய மூடிய அறையில் பவுடரை அடித்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது, மூச்சும் திணறும். தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தைகள் வாசலைத் தேடும் நேரத்தில் அந்த வெண்புகையும் ஓர் ஆபத்துதான்.

சமையலறைக்கு வந்தால் நிலைமை நேர் எதிர். எண்ணெய் ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸைத் தொடும்போது தானாகவே பற்றிக்கொள்கிறது. பதற்றத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அந்த நொடியே ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் அள்ளி வீசுகிறது. பவுடரும் கார்பன் டை ஆக்சைடும் சுவாலையைக் கணநேரம் அடக்கலாம். ஆனால் எண்ணெயின் சூடு அப்படியே இருப்பதால் மறுபடி பற்றும், பக்கத்தில் நின்று வேகமாக அடித்தால் எண்ணெய் சிதறவும் செய்யும். எனவேதான் ஐரோப்பிய முறையில் எஃப் என்றும் அமெரிக்காவில் கே என்றும் இதற்குத் தனி வகையும், ஈர ரசாயனம் என்னும் தனிக் கருவியும் வந்தன. நூற்றுக்கணக்கானோருக்கு அப்பளமும் வடையும் பொரிக்கிற விடுதிச் சமையற்கூடம் அதை வாங்கத்தான் வேண்டும். வீட்டுக்கு அது தேவையில்லை. அடுப்பை அணைத்து, வாணலியை அகலமான தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட்டால் போதும். இதைவிட மலிவான தீயணைப்புக் கருவி உலகத்தில் இல்லை. அது ஏற்கெனவே எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

எரிவாயு சிலிண்டரின் ரப்பர் குழாய் பற்றினால் முதல் வேலை ரெகுலேட்டரை மூடுவது. கை வைக்க முடியாத சூடு என்றால் ஈரச் சாக்கைப் போர்த்தி மூடுவது. தீயணைப்புத் துறையினர் ஊர் ஊராகச் செய்து காட்டுகிற வித்தை இதுதான். வாயு கசிவது நிற்காமல் சுவாலையை மட்டும் பவுடரால் அணைப்பது சில நேரம் அணைக்காமல் விடுவதைவிட மோசம். காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு பரவி, விறகடுப்பின் கங்கைத் தேடிப் போகும். மலை வீடுகளில் எரிவாயு அடுப்பும் விறகடுப்பும் பக்கம் பக்கமாக இருப்பது சாதாரணம் என்பதால் இதை இரண்டு முறை சொன்னாலும் தப்பில்லை. கசிவைச் சொல்ல 1906 என்ற எண் தனியாக இருக்கிறது.

அலுவலகம் எளிதானது. கணினி, இன்வெர்ட்டர், மின்பலகை இருக்கிற அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு. பவுடர் அடித்தாலும் தீ அணையும். ஆனால் ஈரக்காற்றோடு சேர்ந்து அந்தப் பொடி மின்சுற்றுகளை அரித்துவிடும், தீ விட்டுவைத்ததைக் கருவி தின்றுவிடும். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பவுடர்தான் சரி. அங்கே கார்பன் டை ஆக்சைடு காற்றோடு போய்விடும். லித்தியம் மின்கலத்துக்கு இவற்றில் எதுவும் போதாது. வேலூரில் 2022 மார்ச்சில் வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த மின்ஸ்கூட்டர் பற்றி, தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கலத்தின் உள்ளே பிறக்கிற சூட்டைத் தணிக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். அதற்கான தீர்வு கருவியில் இல்லை, படுக்கும் இடத்திலும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் போடாமல் இருப்பதில் இருக்கிறது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதறி நிற்கிற மனிதனிடம் நான்கு வகைக் கருவியைக் கொடுத்தால் அவன் தவறானதைத்தான் எடுப்பான். ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைக்கிற ஒரே கருவி இருப்பதே நல்லது என்பார்கள். பாதி உண்மை. ஒரே சுவரில் நான்கு உருளைகளை வரிசையாக மாட்டுவது மடத்தனம்தான். ஆனால் தேர்வைத் தீப்பிடித்த நேரத்தில் செய்யச் சொல்லவில்லை, வாங்குகிற நேரத்தில் செய்யச் சொல்கிறேன். சமையற்கூட வாசலில் சமையற்கூடத்துக்கானது மட்டும், படுக்கைக் கூடத்தில் தண்ணீர் வகை மட்டும், மின்பலகை அறை வாசலில் அதற்கானது மட்டும் தொங்கினால், பதற்றத்தில் கை நீட்டுகிறவர் யோசிக்க வேண்டியதே இல்லை. இடம்தான் தேர்வைச் செய்துகொடுக்கிறது. வீட்டில் ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் அது ஏபிசியாக இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை. அதைச் சமையலறைக்குள் அடுப்புக்கு மேலே மாட்டாமல், வெளியேறும் வாசலை ஒட்டி மாட்டுங்கள். எரிகிற அடுப்பைத் தாண்டிக் கை நீட்டி எடுக்க வேண்டிய கருவி இல்லாத கருவிக்குச் சமம்.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 6 கிலோ பவுடர் என்பது உள்ளே இருக்கிற பொடியின் கணக்கு. உருளையோடு சேர்த்தால் அதைவிட நிறையவே கூடும். 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடின் மொத்த எடையோ ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைச் சுவரிலிருந்து இறக்கி, பின்னை உருவி, குழாயைத் தீயின் அடிப்பக்கம் நோக்கிப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டியவர் யார்? விடுதியின் சமையலர் அம்மாவும் காவலாளியும், வீட்டில் தனியாக இருக்கிற பாட்டியும்தான். பெரியதை வாங்கினால் தூக்க முடியாது. ஒரு கிலோ உருளையை வாங்கினாலோ பத்து விநாடி அளவில் தீர்ந்துபோகும். தூக்கக்கூடியதில் பெரியது என்பதே சரியான அளவு. அதைக் கடையிலேயே, பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கருவியால் ஆகாததையும் சொல்லியாக வேண்டும். கல்வராயன்மலையின் அடிவாரத்தில் சங்கராபுரத்தில் 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, பட்டாசுக் கடை பற்றி எரிந்து ஐந்து பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. காற்றை மறித்துத் தீயை அடக்குகிற எந்தக் கருவியும் அதனிடம் தோற்கும். பட்டாசுக் கடைச் சுவரில் தொங்குகிற உருளை, பட்டாசைத் தொடுவதற்கு முன்னால் எரிகிற குப்பைக்கும் மின்வயருக்கும் மட்டுமே. பட்டாசு பற்றிய பிறகு செய்ய வேண்டியது ஓடுவது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகளைப் பறித்த தீயும் அப்படித்தான். சமையற்கொட்டகையில் தொடங்கிக் கூரைக்குத் தாவிய அந்த நெருப்பை எந்த உருளையும் நிறுத்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே மாற வேண்டியிருந்தவை கூரையும் வெளியேறும் வழியும். 'தீயோடு போராடாதே, வெளியேறு' என்று சொல்பவர்களின் வாதத்தில் இந்த நியாயம் இருக்கிறது. அதை மறுக்கவில்லை, எல்லையைத்தான் குறிக்கிறேன். தீ குப்பைக்கூடை அளவில் இருந்து, வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஓர் உருளை தீரும்வரை முயலலாம். சுவாலை உங்கள் தலைக்கு மேலே போய்விட்டால் கருவியைக் கீழே போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள்.

மரவள்ளியும் சாமையும் விற்றுப் பிழைக்கிற குடும்பம் உருளைக்குப் பணம் போடுமா என்று கேட்கலாம். போட வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். மூடி, ஈரச் சாக்கு, ஒரு வாளி மணல், கூரையருகே எப்போதும் நிரம்பிய ஒரு டிரம். கோடையில் மலையில் தண்ணீரே அரிது என்பதால்தான் மணலையும் சேர்த்துச் சொல்கிறேன். உருளைகளைப் பொது இடத்தில், அதாவது அங்கன்வாடி, ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் போன்றவற்றில், ஊராட்சியே வாங்கி வைக்கலாம். தரவிதி ஐ.எஸ். 2190 ஒரு கட்டடத்துக்குள் எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டருக்குள் கருவி எட்ட வேண்டும் என்கிறது. சிற்றூருக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், பூட்டிய அறைக்குள் வைக்கக்கூடாது என்ற அதன் உட்பொருள் பொருந்தும். கோடை விழாவுக்கும் படகு சவாரிக்கும் கரியாலூர் வருகிறவர்களுக்கு அறை விடுகிறவர்களிடம் மட்டும், உருளை வாங்க வேண்டாம் என்ற இந்தச் சலுகையைக் காட்டத் தேவையில்லை. வாடகை வாங்குகிறவர் அறைக்குத் தகுந்த கருவியும் வாங்கட்டும்.

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், பவுடர் உருளையின் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு உருளையில் முள்ளே கிடையாது. எடை போட்டால்தான் குறைந்தது தெரியும். மலைச்சாலையில் குலுங்குகிற ஜீப்பிலும் வேனிலும் வைத்த பவுடர் அடியில் இறுகிவிடும்; அவ்வப்போது கவிழ்த்துக் குலுக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறோம், 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயில் மாண்ட வீரர்களின் நினைவாக. அந்த வாரத்தில் பதாகை கட்டுவதோடு இன்னொன்றும் செய்யலாம். பழைய உருளைகளை மறுபடி நிரப்ப அனுப்புவதற்கு முன்னால், பள்ளி மைதானத்தில் நாலு காய்ந்த சருகைக் கொளுத்தி, சமையலர் அம்மாவையும் காவலாளியையும் ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொல்லலாம். எப்படியும் கொட்டப்போகிற பவுடர்தான் அது.