இரவல் நிரல் குற்றமா?

"இதில் நீ எழுதியது எத்தனை வரி?"

நடுவர் இப்படிக் கேட்டபோது எங்கள் அறிவியல் கழக மாணவி உண்மையைத்தான் சொன்னாள்.

"ஏறக்குறைய 90 வரி, சார்."

"மற்றதெல்லாம்?"

"நூலகம், சார்."

"அப்படியென்றால் முக்கால்வாசி வேறு யாரோ செய்தது."

புத்தாக்கப் போட்டி ஒன்றில் நடந்தது இது. படிவம் 4 மாணவியான அவள், கழக உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளத் தமிழில் ஓர் உடனடிச் செய்திச் செயலியைப் பைதான் மொழியில் உருவாக்கியிருந்தாள். பள்ளி விடுமுறை முழுவதையும் அதற்காகச் செலவிட்டவள். திரும்பும் வழியில் வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வந்து, "நான் ஏமாற்றிவிட்டேனா, சார்?" என்று கேட்டாள்.

மாணவர்களே, உங்களில் பலருக்கும் இதே ஐயம் இருக்கும். ஆகவே என் பதிலை இங்கே எழுதுகிறேன். நூலகத்தைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை அன்று. ஆனால், அது உங்களுக்காக என்ன செய்கிறது என்று தெரியாமலேயே இருந்துவிடுவது பெரிய இழப்பு.

நூலகம் என்றால் என்ன?

நிரலாக்கத்தில் நூலகம் என்பது, ஒருவர் எழுதிச் சோதித்து, மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கும் நிரல் தொகுப்பு. நாம் அறிவியல் கூடத்தில் லிட்மஸ் தாளை நாமே தயாரிப்பதில்லை. ரொட்டி சானாய் போடுபவரிடம், "கோதுமையை நீங்களா விளைவித்தீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. மாவைப் பிசைந்து, வீசி, சுடுவதில்தான் அவர் திறமை இருக்கிறது.

அந்த மாணவி பயன்படுத்தியது ஸ்லிக்ஸ்எம்பிபி என்ற இலவச நூலகம். எக்ஸ்.எம்.பி.பி. என்ற நெறிமுறையில் பேச அது உதவுகிறது. நெறிமுறை என்றால் இரண்டு கணினிகள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற உடன்பாடு. ஜெரமி மில்லர் என்ற அமெரிக்கர் 1998-இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய வேலை இது. 2004-இல் இது பொதுத் தரமாக வெளியிடப்பட்டது. மின்னஞ்சலைப் போலவே இதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி உண்டு. ஒரு சர்வரில் இருப்பவர் வேறொரு சர்வரில் இருப்பவரோடும் பேசலாம்.

'இணைந்துகொள்' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் நூலகம் என்ன செய்கிறது தெரியுமா? சர்வரைத் தேடிப் பிடிக்கிறது. பேச்சை வேறு யாரும் ஒட்டுக் கேட்காதபடி இணைப்பை மறையாக்கம் செய்கிறது. உங்கள் அடையாளத்தைச் சர்வரிடம் உறுதிப்படுத்துகிறது. இணைந்த பிறகு நீங்கள் கட்டளையிட்டால், நண்பர்களின் பட்டியலைக் கேட்டு வாங்குகிறது. அதேபோல, "நான் வந்துவிட்டேன்" என்று அவர்களுக்கு அறிவிக்கிறது. பிறகு காத்திருக்கிறது.

காத்திருக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. உணவங்காடியில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை போய் "ஆயிற்றா, ஆயிற்றா?" என்று கேட்டால் நமக்கும் தொல்லை, கடைக்காரருக்கும் தொல்லை. ஒரு கருவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சாப்பாடு தயாரானதும் அது ஒலிக்கும். நூலகமும் அப்படித்தான். "செய்தி வந்தால் என் நிரலின் இந்தப் பகுதியை இயக்கு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் போதும். அந்தப் பகுதியில் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அந்த 90 வரிகளின் வேலை.

நாங்கள் செய்த சோதனை

அவளுக்குப் பேச்சால் ஆறுதல் சொல்வதைவிட, செய்து பார்ப்பது நல்லது என்று நினைத்தேன். கழகத்தில் நான்கு மாணவர்களை அழைத்து, நூலகம் எதுவும் இல்லாமல், பைதானில் உள்ள அடிப்படை இணைப்பு வசதியை மட்டும் வைத்து ஒரு செய்திச் செயலி எழுதச் சொன்னேன். இரண்டு வாரத்தில் முடித்துவிட்டார்கள். "ஹலோ" என்று ஆங்கிலத்தில் தட்டினால் அடுத்த கணினியில் தெரிந்தது. அறையே கைதட்டியது.

பிறகு ஒருவன் தமிழில் நீண்ட செய்தி ஒன்றை அனுப்பினான். செயலி பிழை காட்டி நின்றுவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். 'அம்மா' என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறியீடுகள்; ஆக 15 பைட். எங்கள் மாணவர்களின் நிரலோ வருவதை 1024 பைட்டாகத் துண்டு போட்டுப் படித்தது. 1024-ஐ 3-ஆல் வகுத்தால் ஈவு 341, மீதி 1. இடையில் இடைவெளிகள் வரும்போது கணக்கு மாறினாலும், துண்டின் ஓரத்தில் ஒரு தமிழ்க் குறியீடு பாதியாக வெட்டுப்பட நிறையவே வாய்ப்பு உண்டு. பாதிக் குறியீட்டைக் கணினியால் படிக்க முடியாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்ததால் இந்தப் பிழை எங்கள் கண்ணில் படவே இல்லை.

அடுத்து இன்னொன்றும் தெரிய வந்தது. அடுத்தடுத்து வேகமாக அனுப்பிய இரண்டு செய்திகள் சில நேரம் ஒட்டிக்கொண்டு ஒரே செய்தியாக வந்தன. இணைப்பு வழியாக வருவது குழாய்த் தண்ணீர் போன்ற பைட்டுகளின் ஓட்டம். ஒரு செய்தி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அந்த ஓட்டத்துக்குத் தெரியாது. எக்ஸ்.எம்.பி.பி.யில் ஒவ்வொரு செய்திக்கும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உண்டு; முடிவுக் குறி வரும்வரை நூலகம் பொறுத்திருக்கும்.

அந்த மாணவி இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என் செயலியில் இந்தப் பிரச்சினை வரவே இல்லையே, சார்" என்றாள். வராமல் பார்த்துக்கொண்டது எது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

நடுவர் பக்கமும் நியாயம் உண்டு

இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. நடுவர் அவளிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார்: "அனுப்பு பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது?" அதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. மதிப்பெண் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கேள்வியைப் போட்டிக்கு முன்பே அவளிடம் கேட்டிருக்க வேண்டியவன் நான். செயலி வேலை செய்கிறது என்ற மகிழ்ச்சியில் கேட்காமல் விட்டது என் தவறு.

நூலகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில் ஆபத்தும் உண்டு. இணையத்தில் பாதுகாப்பான இணைப்புக்காக எண்ணற்ற சர்வர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. வந்த தகவலின் நீளத்தைச் சரிபார்க்க மறந்த ஒரு சிறு பிழை, உலகெங்கும் உள்ள சர்வர்களின் நினைவகத்தில் இருந்த இரகசியங்களை வெளியே கசியவிட்டது. பிழை ஒரு நூலகத்தில். பாதிப்போ அதைப் பயன்படுத்திய அனைவருக்கும்.

அதற்காக மறையாக்கத்தை நாமே எழுதிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நம்முடையதில் அதைவிட அதிகப் பிழைகள் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் ஆள் இருக்கமாட்டார்கள். நூலகத்தை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்வதே சரியான வழி.

ஒரு புறாவின் கதை

1998-இல் அமெரிக்க மாணவர் மார்க் ஸ்பென்சர், ஏ.ஓ.எல். நிறுவனத்தின் செய்திச் சேவையை லினக்ஸ் கணினியில் பயன்படுத்த கெய்ம் என்ற செயலியை எழுதினார். பெயர் தொடர்பாக ஏ.ஓ.எல். நிறுவனத்தோடு ஏற்பட்ட சிக்கலால் 2007-இல் அது பிட்ஜின் ஆனது. உச்சரிப்பில் புறாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலித்தாலும், பிட்ஜின் என்றால் வெவ்வேறு மொழிக்காரர்கள் வணிகத்துக்காகப் பேசிக்கொள்ளும் கலப்பு மொழி என்று பொருள். நம் நாட்டுச் சந்தைகளில் புழங்கிய பாசார் மலாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் பொருத்தமானதுதான். பல நிறுவனங்களின் சேவைகளோடு அந்த ஒரே செயலியில் பேச முடிந்தது. அதன் உட்பகுதியை லிப்பர்ப்பிள் என்ற நூலகமாகப் பிரித்து வைத்தார்கள். அதே நூலகத்தை எடுத்து, மெக் கணினிக்கு ஏடியம் என்ற செயலியை வேறொரு குழுவினர் உருவாக்கினார்கள். ஃபின்ச் என்ற செயலி அதே நூலகத்தைக் கொண்டு, எழுத்துகள் மட்டுமே தெரியும் கறுப்புத் திரையில் இயங்கியது. உள்ளே ஒரே இயந்திரம், வெளியே மூன்று முகங்கள். ஏடியம் செய்தவர்களை யாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை.

ஆனால் இன்னொருவருடைய மூடிய சேவையை நம்பிச் செயலி எழுதினால், கதவு எப்போது வேண்டுமானாலும் சாத்தப்படலாம். 1999-இல் மைக்ரோசாஃப்ட்டின் செய்திச் செயலி ஏ.ஓ.எல். பயனர்களோடு பேச முயன்றது. ஏ.ஓ.எல். தடுத்தது, மைக்ரோசாஃப்ட் மாற்றி எழுதியது, மீண்டும் தடுத்தது. இப்படிப் பலமுறை. அவ்வளவு பெரிய நிறுவனமே கடைசியில் கைவிட்டது. அந்த ஏ.ஓ.எல். சேவையும் 2017 டிசம்பரில் மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018-இல் மறைந்தது. ஆனால் பொதுத் தரமான எக்ஸ்.எம்.பி.பி. இன்றும் இயங்குகிறது, அதை யாரும் தனியாக மூட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் பள்ளியிலும் இதைச் செய்து பார்க்கலாம். பழைய கணினி ஒன்றில் புரோசடி என்ற இலவசச் சர்வரை ஆசிரியரின் அனுமதியோடு நிறுவுங்கள். புலனத்தில் விளையாடிப் பார்க்க வேண்டாம். அதிகாரப்பூர்வமற்ற நூலகங்களைப் பயன்படுத்தினால் உங்கள் கணக்கு முடக்கப்படலாம்.

முதலில் நூலகம் இல்லாமல் சிறிய செயலி ஒன்றை எழுதுங்கள். அது உடையட்டும். எங்கே, ஏன் உடைந்தது என்று குறித்து வையுங்கள். பிறகு நூலகத்தை எடுங்கள். அதன் விளக்கக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு கட்டளையும் எதைச் செய்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். கடைசியாக, நூலகத்தின் பெயரையும் அதை உருவாக்கியவர்களையும் உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். இரவல் வாங்கியதை வெளிப்படையாகச் சொல்பவரை யாரும் திருடர் என்று சொல்ல முடியாது.

நடுவர்களுக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எத்தனை வரி எழுதினாய்?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். "எது உடைந்தது, எப்படிச் சரி செய்தாய்?" என்று கேட்போம். முதல் கேள்விக்கு விடை வெறும் எண்தான். மாணவர் என்ன கற்றார் என்பது இரண்டாவது கேள்விக்கான விடையில்தான் தெரியும்.

அந்த மாணவி அடுத்த ஆண்டும் போட்டிக்குப் போகப் போகிறாள். பரிசு கிடைக்குமோ இல்லையோ, எனக்குத் தெரியாது. போன வாரம் படிவம் 1 மாணவர்களுக்கு, 'அம்மா' என்ற சொல்லுக்கு ஏன் 15 பைட் என்று வெண்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று கேட்டேன். ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.