‘ஜம்புலா ட்ரீ’: ஒரு சிறுகதையைப் பார்த்து ஏன் இவ்வளவு பயம்?

உகாண்டாவில் ‘ஜம்புலா’ என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் நாவல் மரம்தான். அந்தப் பெயரில் மோனிகா அராக் டி நியேகோ எழுதிய ‘ஜம்புலா ட்ரீ’, ஆப்பிரிக்கச் சிறுகதைகளுக்கான கெய்ன் பரிசை 2007-ல் வென்றது.

அன்யாங்கோ, சன்யு என்ற இரண்டு பெண்களின் காதல் கதை இது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட, சன்யுவை லண்டனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பல வருடம் கழித்து அவள் ஊர் திரும்புவது தெரிந்ததும், அவளிடம் பேசுவதுபோல மொத்தக் கதையையும் சொல்கிறாள் அன்யாங்கோ. கோஷமெல்லாம் கிடையாது, ஊர் வம்புதான் இதில் வில்லன்.

இதைத் தழுவி கென்ய இயக்குநர் வனூரி கஹியு எடுத்த ‘ரஃபீக்கி’, 2018-ல் கான் விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம். சொந்த நாட்டிலோ தடை! நம்பிக்கையோடு முடியும் கிளைமாக்ஸை மாற்றச் சொன்னார்கள் என்றார் இயக்குநர். கவனிங்க, காதலைக் காட்டியது மட்டும் பிரச்சினை இல்லை. அந்தப் பெண்கள் வருந்தித் திருந்தவில்லை என்பதும்தான். அதே செப்டம்பரில் உயர் நீதிமன்றம் 7 நாள் மட்டும் தடையை விலக்கியது. நைரோபியில் ஹவுஸ்ஃபுல்!

கதை பிறந்த உகாண்டாவில் நிலைமை இன்னும் மோசம். 2023 சட்டப்படி தன்பாலின உறவுக்கு ஆயுள் தண்டனை, சில வழக்குகளில் மரண தண்டனை. ‘ஊக்குவித்தால்’ 20 ஆண்டு வரை சிறை; அதில் அச்சிடுவது, வெளியிடுவதும் அடக்கம். 2024 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றமும் சட்டத்தின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டது. இன்று கம்பாலாவில் இப்படியொரு கதையைப் புத்தகமாகப் போட நினைக்கும் பதிப்பாளர், முதலில் வக்கீலைத்தான் தேடிப் போகணும்.